பதினான்கு மாதத்தில் புகைந்துபோன வாக்குவம் கிளீனர்: அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:

ஐயா, திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த தெருவில் எங்கள் வீடு. கீழ்த்தளத்திலேயே சிறிய தையல் யூனிட் ஒன்று ஓடுகிறது. மாடியில் மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் இருக்கிறோம். கணவருக்குத் தூசி பட்டால் இளைப்பு வந்துவிடும். தரை முழுவதும் டைல்ஸ்; துணி சோபா ஒன்று, இலவம் பஞ்சு மெத்தை இரண்டு. போன வருடம் ஒரு சிறிய வாக்குவம் கிளீனர் வாங்கினோம். வாரம் இரண்டு முறை, இருபது இருபது நிமிடம்தான் ஓட்டினேன். கடைசி இரண்டு மாதம் இழுவை குறைந்து, சத்தம் மட்டும் கீச்சென்று ஏறிக்கொண்டே போனது. பதினான்காவது மாதம் புகை வந்து நின்றுவிட்டது. வாரண்டி பன்னிரண்டு மாதம்தான். சர்வீஸுக்குக் கொண்டுபோனால், 'இந்த மாடலுக்கு மோட்டார் வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது தம்பி 2000 வாட் உள்ளதை வாங்கச் சொல்கிறான். கடைக்காரர் வயர் இல்லாததைக் காட்டுகிறார். மகள் ரோபோ கேட்கிறாள். பத்தாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். நீடித்து உழைக்கும் ஒன்றை வாங்க வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இயந்திரம் எப்படிக் கெட்டது என்பதை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். இழுவை குறைந்தது, சத்தம் ஏறியது. கோவையில் முப்பது வருடமாக மிக்ஸி, கிரைண்டர், வாக்குவம் கிளீனர் எல்லாம் பழுது பார்க்கிறேன். புகைந்துபோன வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள். 'கடைசி வரைக்கும் நல்ல சத்தத்தோடுதான் ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது' என்பார்கள். அது திடீரென்று நின்றதில்லை. இரண்டு மாதமாக மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஓடுகிற வாக்குவம் கிளீனர் இருந்தால், குழாயின் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி மூடிப் பாருங்கள். மோட்டார் சத்தம் உடனே மேலே ஏறும். கேட்பவருக்கு, இயந்திரம் முக்கி முக்கி இழுப்பதாகத் தோன்றும். உண்மையில் அதற்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை. தள்ளுவதற்குக் காற்று வராததால் மோட்டாரின் விசிறி சும்மா சுற்றுகிறது. சுமை இல்லாததால் வேகம் கூடுகிறது. உங்கள் சிறிய இயந்திரத்தைப் போன்றவற்றில், குழாய் வழியாக உறிஞ்சும் அதே காற்றுதான் மோட்டாரின் சூட்டையும் தணிக்க வேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் தூசியும் வராது, மோட்டாருக்குக் குளிர்ச்சியும் கிடைக்காது. நிமிடத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் சுற்று சுற்றுகிற மோட்டார் அது. காற்று இல்லாமல் ஓடினால் காயிலின், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளின், வார்னிஷ் கருகத்தான் செய்யும். அந்தக் கருகல்தான் உங்கள் வீட்டில் வந்த புகை.

போன மாதம் உங்கள் ஊரிலிருந்தே ஒன்று வந்தது. மூடியைத் திறந்து வடிகட்டியை எடுத்தேன். மடிப்பு மடிப்பாகக் காகித விசிறி போல இருக்க வேண்டிய வடிகட்டியில் ஒரு மடிப்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. பஞ்சுத்தூசி படிந்து படிந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றி வைத்தது போல இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். தோல் உரிவது போல ஒரே ஏடாக வந்துவிட்டது. அதற்குள் சிவப்பு நூல், தலைமுடி, ஒரு சிறு பிள்ளையின் தோட்டுத் திருகாணி. கொண்டுவந்த அம்மாள் திருகாணியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மோட்டாரைத் திறந்தபோது எனக்குச் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. ஆர்மச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் பகுதி, முழுவதும் கறுத்துவிட்டது.

பஞ்சுத்தூசிக்கு இந்தக் குணம் உண்டு. மண் தூசி என்றால் வடிகட்டியைத் தட்டினால் கொஞ்சமாவது உதிரும். பஞ்சு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாய் போலப் படியும். அதனால், திருப்பூரில் பனியன் யூனிட்டுக்கு மேலே குடியிருக்கிற உங்களுக்குப் பொருந்தும் இயந்திரமும், ஊட்டியில் இருக்கும் உங்கள் உறவினருக்குப் பொருந்தும் இயந்திரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'எது நல்ல கம்பெனி' என்று ஒரே சொல்லில் பதில் கேட்கிறவர்களுக்கு நான் பெயர் சொல்லத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். ஒரே கம்பெனிப் பெயரில் நல்ல மாடலும் வருகிறது, உப்புக்குப் பெறாத மாடலும் வருகிறது என்பது இன்னொரு காரணம். மாடலைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பெயர் தானாகத் தெரியும்.

நீங்கள் ஓட்டிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு நாற்பது நிமிடம். பதினான்கு மாதம் என்றால் சுமார் அறுபது வாரம். மொத்தம் 40 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரிலிருந்து, வீட்டு வாக்குவம் கிளீனர் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைத்தும் தாங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அளவில் ஓட்டினால் 500 மணி நேரம் என்பது பதினான்கு வருடத்துக்கு வரும். உங்களுடையது பதினான்கு மாதத்தில் போய்விட்டது. இதற்கு உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். சத்தம் ஏறினால் நிறுத்தி வடிகட்டியைப் பாருங்கள் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

தம்பி சொல்கிற 2000 வாட்டுக்கு வருகிறேன். வாட் என்பது அந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதற்கான கணக்கு. எவ்வளவு இழுக்கிறது என்பது வேறு. அதே ஐரோப்பாவில் 2014இல் 1600 வாட்டுக்கு மேல் விற்கக்கூடாது என்றார்கள். 2017இல் அதை 900 வாட்டாக இறக்கினார்கள். சத்தமும் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றார்கள். அதனால் அங்கே யார் வீட்டிலும் தூசி தங்கிவிடவில்லை. விசிறியின் இறக்கைகளையும் காற்றுப் போகும் வழியையும், தரையில் படும் வாய்ப்பகுதியான நாசிலின் அடிப்பக்கத்தையும் ஒழுங்காகச் செய்தாலே பாதி மின்சாரத்தில் அதே வேலை நடக்கும். மட்டமான வடிவமைப்பில் 2000 வாட்டைப் போட்டால் மிச்சமெல்லாம் சூடாகவும் இரைச்சலாகவும்தான் வெளியே வரும். உங்களுக்கு 1000 முதல் 1400 வாட் போதும். இழுவையைக் கிலோபாஸ்கல் கணக்கில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குழாயை மூடிவைத்து அளந்தால் வருவது இழுவை. திறந்துவைத்து அளந்தால் வருவது காற்றோட்டம். தூசியைத் தூக்கிக்கொண்டு போக இரண்டும் வேண்டும்.

இனி, கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கேட்டு நடந்தவர்கள் குறைவு. முதலில் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பிறகு கடைக்குப் போங்கள். நீங்கள் நினைத்து வைத்திருக்கும் இரண்டு மூன்று மாடல்களின் பெயரை எழுதிக்கொண்டு, அந்தந்தக் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்: 'இந்த மாடலுக்கு வடிகட்டி இருக்கிறதா? என்ன விலை? குழாய் மட்டும் தனியாகக் கிடைக்குமா? கார்பன் பிரஷ் மாற்ற முடியுமா, இல்லை மோட்டாரையே மாற்ற வேண்டுமா?' அலமாரியிலிருந்து வடிகட்டியை எடுத்துக் கையில் கொடுத்து விலை சொன்னால் அது நல்ல அறிகுறி. 'ஆர்டர் போட்டால் வரும்' என்றால் எத்தனை நாளில் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அந்த மாடலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இரண்டு வருட வாரண்டியைவிட, நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும் ஒரு வடிகட்டி பெரிது.

கார்பன் பிரஷ் என்பது மோட்டாருக்குள் சுழலும் செப்புப் பட்டைகளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு சிறு கரித்துண்டுகள். சாதாரண மோட்டார்களில் இவை பென்சில் போலத் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்ததும் மாற்றிவிட்டால் மோட்டார் பிழைத்துக்கொள்ளும், செலவும் சொற்பம். மாற்ற முடியாதபடி மூடி ஒட்டிய மோட்டார் என்றால், ஒரு கரித்துண்டுக்காக மோட்டாரையே தூக்கிப்போட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எரிந்த வாக்குவம் மோட்டாருக்குக் காயில் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். கோவைக்காரனான நான் இதைச் சொல்வது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். தண்ணீர் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் எங்கள் ஊரில் கட்டுகிற காயில் பல வருடம் ஓடும். ஆனால் இவ்வளவு வேகத்தில் சுற்றும் ஆர்மச்சரில் இம்மியளவு எடை ஒரு பக்கம் கூடினாலும் அதிர்வு வந்து பேரிங்கைத் தின்றுவிடும். இதற்கு மோட்டாரை மாற்றுவது ஒன்றுதான் வழி.

உங்களுக்கு நான் சொல்வது, தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய டிரம் வகை. சக்கரம் வைத்த வாளிக்கு மேலே தலை போல மோட்டார் உட்கார்ந்திருக்குமே, அது. பார்வைக்கு அழகில்லை, கொஞ்சம் இடத்தையும் அடைக்கும். ஆனால் தண்ணீர் மோட்டாருக்குள் போகக்கூடாது என்பதற்காகவே, இவற்றில் மோட்டாரைக் குளிரவைக்கும் காற்றுக்குத் தனி வழி, தனி விசிறி வைத்திருப்பார்கள். உறிஞ்சும் அழுக்குக் காற்று மோட்டார் காயிலைத் தொடாமலே வெளியே போய்விடும். வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் மோட்டார் உடனே வெந்துபோகாது. பஞ்சுத்தூசி நிறைந்த உங்கள் வீட்டுக்கு இந்த ஒரு குணமே போதும். இந்த வகை உங்கள் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். உள்ளே மோட்டாரும் பல கம்பெனிகளுக்குப் பொதுவான அளவுகளில் வருவதால், பத்து வருடம் கழித்து அந்த மாடல் நின்றுபோனாலும் என்னைப் போன்ற ஒருவரால் வேறு மோட்டாரைப் பொருத்தித் தர முடியும். வாங்கும்போது சூடேறினால் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி நின்றால் பழுது என்று எண்ணி மறுபடி மறுபடி சுவிட்சைப் போடக்கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்து, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும்.

பை உள்ளதா, பை இல்லாததா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம். பை இல்லாத இயந்திரங்களில் காற்றைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரித்து ஒரு டப்பாவில் விழவைக்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்துக் கொண்டுவந்த முறை அது. 1993இல் அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது. பை அடைத்து இழுவை குறைகிற தொல்லை அதில் இல்லை, பை வாங்கும் செலவும் இல்லை. ஆனால் டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்க்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சன்னல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள். வீடு முழுவதும் பொறுக்கிச் சேர்த்த தூசியில் மிக மெல்லியது, அதாவது இளைப்பைக் கிளப்பிவிடும் தூசி, புகை போல எழுந்து முகத்துக்கு நேரே வரும். துணிப்பையை உதறுகிறவர்கள் நிலை இதைவிட மோசம். இளைப்பு உள்ள வீட்டில் தூசியைப் பிடித்த பிறகு அதைத் திரும்பப் பார்க்கவே கூடாது. ஃபிளீஸ் என்கிற கம்பளம் போன்ற துணியில் செய்த, ஒருமுறை நிரம்பியதும் வாயை மூடி அப்படியே எறிகிற பைகள் டிரம் வகைகளுக்குக் கிடைக்கின்றன. காகிதப் பையைவிட அவை மெல்லிய தூசியை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் கிழியாது. இயந்திரத்தை வாங்கும் பில்லிலேயே ஒரு கட்டுப் பையையும் ஒரு மாற்று வடிகட்டியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். கடையில் இல்லை என்றால் அந்த மாடல் வேண்டாம்.

இந்த இயந்திரத்தின் கதையிலேயே ஒரு இளைப்பு நோயாளி இருக்கிறார் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் என்ற ஊரில், ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு கடையில் தரை கூட்டும் வேலை செய்தார். அவருக்கு ஆஸ்துமா. கூட்டக் கூட்ட எழும் தூசி அவரை வாட்டியது. ஒரு விசிறி மோட்டாரையும் துடைப்பக் கைப்பிடியையும் எடுத்துச் சேர்த்து, தூசி விழுவதற்கு ஒரு தலையணை உறையைக் கட்டி, கையால் தள்ளிக்கொண்டு போகிற ஒரு மின்சார இயந்திரத்தைச் செய்தார். 1908இல் காப்புரிமை வாங்கினார். ஹூவர் என்ற வாக்குவம் கிளீனர் கம்பெனியின் பெயர் உலகெங்கும் பரவியது அந்த இயந்திரத்திலிருந்துதான். சீமாறால் கூட்டும்போது தூசி இடம் மாறுகிறதே தவிர வீட்டைவிட்டுப் போவதில்லை என்பதை அவர் நுரையீரலே அவருக்குச் சொல்லியிருக்கும்.

அதனால் வெளிவரும் காற்றையும் கவனியுங்கள். மிக மெல்லிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி என்பதற்கு ஹெப்பா என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பார்கள். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்பதெல்லாம் கணக்கில் சேராது. எச்13 என்ற தரம் எழுதியிருக்க வேண்டும். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகளில்கூட 99.95 விழுக்காட்டைப் பிடிப்பதுதான் அந்தத் தரம். ஆனால் எவ்வளவு நல்ல வடிகட்டியாக இருந்தாலும், சுற்றிலும் ரப்பர் பட்டை சரியாக உட்காரவில்லை என்றால் காற்று இடுக்கு வழியாகத் தப்பிவிடும். கடையில் இயந்திரத்தை ஓடவிட்டு, மூடி சேரும் இடத்தைச் சுற்றிக் கையை ஈரமாக்கிக்கொண்டு தடவிப் பாருங்கள். காற்று வரவேண்டிய துளையைத் தவிர வேறெங்கும் கையில் சில்லென்று படக்கூடாது. டிரம் வகைகளில் பெரும்பாலும் எச்13 வடிகட்டி கூடவே வராது. சில மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். கிடைக்காத மாடலாக இருந்தால், ஃபிளீஸ் பையோடு, சன்னல்களைத் திறந்துவைத்து ஓட்டுங்கள். அந்த நேரத்திலும் அதற்குப் பிறகு அரைமணி நேரமும் கணவர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

வயர் இல்லாத இயந்திரங்கள் சோபாவுக்கும் மாடிப்படிக்கும் கைக்கு இதமானவை. நல்லவற்றில் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இருக்கிறது, அது தேயாது. தேய்வது பேட்டரி. முழு வேகத்தில் வைத்தால் பலவற்றில் பத்து நிமிடத்தைத் தாண்டுவதே கடினம்; சில வருடத்தில் அதுவும் குறையும். பேட்டரி தனியாகக் கழன்று வர வேண்டும், தனியாக விற்பனைக்கும் கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லாததை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் பத்தாயிரத்தில் கிடைக்கும் வயர் இல்லாத இயந்திரம் மெத்தைக்குப் பற்றாது என்பது என் அனுபவம். மகள் கேட்கும் ரோபோ தரையில் விழும் முடிக்கும் பஞ்சுக்கும் நல்ல உதவிதான். ஆனால் சோபா ஏறாது, மெத்தை ஏறாது, உயரமான வாசற்படியையும் தாண்டாது. உங்கள் வீட்டுத் தொல்லை மெத்தையிலும் சோபாவிலும் இருக்கிறது. முதல் இயந்திரமாக அது வேண்டாம் என்று மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கடையிலோ வீட்டு வாசலிலோ செய்துகாட்டுகிறவர் உங்கள் மெத்தையில் ஒரு துணியை வைத்து உறிஞ்சி, அதில் ஒட்டிய தூசியைக் காட்டுவார். பார்த்தால் யாருக்கும் மனம் பதறும். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளுவதைவிட உறிஞ்சலாமே என்று தோன்றியதும், ஒரு நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை வைத்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் தூசி படிந்திருந்தது. மனிதன் வாயால் உறிஞ்சினாலே வருகிற தூசி எந்த இயந்திரத்துக்கும் வரும். அந்தச் சோதனை உங்கள் மெத்தை அழுக்காக இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அந்த இயந்திரம் நல்லது என்பதைக் காட்டவில்லை. நீங்கள் வேறொன்று கேளுங்கள். 'தூசி டப்பாவையும் வடிகட்டியையும் நானே கழற்றி மாட்டிப் பார்க்கிறேன்' என்று சொல்லுங்கள். யாரும் சொல்லித்தராமல் இரண்டு நிமிடத்தில் கழற்றி மாட்ட முடிந்தால், வீட்டிலும் அதைச் செய்வீர்கள். விற்பவரே திணறினால், நீங்கள் ஒருமுறை செய்துவிட்டு மறுமுறை விட்டுவிடுவீர்கள். பிறகு பழைய கதைதான்.

என்ன உறிஞ்சக்கூடாது என்பதையும் மாமியாரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்கு முந்தின பதினைந்து நாளும் என் பட்டறையில் கூட்டம் நெரியும். சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்துவிட்டு, உதிர்ந்த சுண்ணாம்பையும் பட்டித் தூளையும் வாக்குவம் கிளீனரில் இழுத்துவிடுவார்கள். சிமெண்டு, சுண்ணாம்பு, கோலமாவு, விபூதி எல்லாம் வடிகட்டியின் கண்ணை ஒரே தடவையில் அடைக்கும். மிச்சம் பேரிங்குக்குள் போய் அரைக்கும். இவற்றுக்கு ஈரத்துணிதான் சரி. ஊதுபத்திச் சாம்பல் ஆறியிருக்கிறது என்று தோன்றினாலும் வேண்டாம். பஞ்சு நிறைந்த பைக்குள் ஒரு பொறி விழுந்தால் போதும். தண்ணீரை உறிஞ்சுவதாக இருந்தால் பையைக் கழற்றிவிட்டு, புத்தகத்தில் சொல்லியிருக்கும் வடிகட்டியை மாட்டிய பிறகே உறிஞ்ச வேண்டும். 1400 வாட் என்றால் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் பெரிய பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். டிவிக்கு வைத்திருக்கும் நீட்டிப்புப் பெட்டி இதற்கு ஆகாது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பஞ்சு ஊருக்கு ஏற்ற கணக்கு, இரண்டு முறை ஓட்டினால் ஒரு முறை வடிகட்டியைப் பார்ப்பது. மொட்டை மாடியில், மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான பிரஷால் பஞ்சை உரித்துவிடுங்கள். கழுவக்கூடிய வடிகட்டி என்றால் கழுவி, நிழலில் ஒரு முழு நாள் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டினால் தூசி சேறாகிவிடும், பூஞ்சை பிடிக்கும், அந்தக் காற்று உங்கள் கணவருக்கு ஆகவே ஆகாது. மாற்று வடிகட்டி ஒன்று கையில் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். நாசிலில் உருளும் பிரஷ் இருந்தால் முடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். நூல் வெட்டும் டிரிம்மர் உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்காது. அதையே எடுத்து நீளவாக்கில் வெட்டி இழுத்துவிடுங்கள்.

மெத்தையைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மெத்தையின் மேற்பரப்பைத்தான் சுத்தம் செய்யும். உள்ளே வாழும் தூசிப்பூச்சிகளை அது இழுத்துவிடாது. மேலே இருக்கும் அவற்றின் கழிவையும் உதிர்ந்த தோலையும் எடுக்கும். அதுவே பெரிய உதவிதான். ஆனால் பழைய இலவம் பஞ்சு உள்ளுக்குள்ளேயே பொடிந்து தூசியாகிக்கொண்டிருக்கும். கணவர் படுக்கும் மெத்தையைப் பிரித்துப் புதுப் பஞ்சு அடைக்கக் கொடுங்கள். வேலை நடக்கும் இடத்துக்கு அவர் போக வேண்டாம். திரும்பி வந்ததும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறையை முழுவதும் மாட்டிவிடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சிகள் சாகும். இதையெல்லாம் செய்வதால் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

எரிந்துபோன பழைய இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். குழாய், நாசில் நன்றாக இருந்தால் எடுத்து வையுங்கள். வாய் அளவு ஒத்துப்போனால் புதியதற்கு ஆகும். புதிய இயந்திரம் வந்ததும், ஒருமுறைகூட ஓட்டுவதற்கு முன்னால், வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து உங்கள் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்துவைத்து ஓடும்போது வரும் சத்தத்தையும் பத்து விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள். இழுவையில் சந்தேகம் வரும் நாளில் அந்தப் படத்தையும் சத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.